வானமில்லாத படங்கள்

எங்கள் வீட்டுக்காரர் வரைகிற படங்களில் வானம் இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பார்க்கிற எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். "இயற்கைக் காட்சின்னு சொன்னீங்க, வானத்தையே காணோமே?" என்பார்கள். அவர் பிரஷ்ஷைக் காதில் செருகிக்கொண்டு, "நான் அங்கதானே உக்காந்திருந்தேன், அதை எப்படி வரையறது?" என்பார். விளையாட்டுக்குச் சொல்வதில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறார்.

முப்பத்து மூன்று வருடம் அவருக்கு டவர் கிரேன் ஓட்டுகிற வேலை. கட்டடம் கட்டுகிற இடங்களில் ஒற்றைக் காலில் நிற்குமே, மஞ்சள் நிற கிரேன், அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். காலை ஏழு மணிக்கு ஏணி ஏறி அந்தக் கூண்டுக்குள் போனால் மாலை ஐந்துக்குத்தான் இறங்குவார். சாப்பாடு மேலே, குட்டித் தூக்கம் மேலே. மற்றதெல்லாம் எப்படி என்று கேட்காதீர்கள். கல்யாணமான புதிதில் நான் கேட்டுவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச், முப்பது வருடம் மைதானத்துத் தரையிலேயே கழித்தவள். நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்டினாலே எனக்குத் தலை சுற்றும். அவருக்கோ தரையில் நின்றால்தான் கால் கூசும். இப்படி ஒரு ஜோடியைத் தேடிப் பிடித்துச் சேர்த்து வைத்தவர்கள் யாரென்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. தெரிந்தால் நாலு கேள்வி கேட்கலாம்.

பணி ஓய்வு பெற்ற முதல் மாதத்திலேயே மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நாலு தடவை கழுவினார். கழுவி முடித்ததும் இறங்க மாட்டார். தொட்டி மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். எதிர்வீட்டுக்காரர் வந்து, "டீச்சர், தப்பா நினைக்காதீங்க, சார் எங்க வீட்டுக் கொல்லையையே பாத்துக்கிட்டு இருக்காரு, எங்க வீட்டுப் பொம்பளைங்க துணி துவைக்கணும்ல" என்றார். எனக்கு மானம் போயிற்று. அவரை இறக்கிக் கூட்டிவந்து கேட்டால், "அவங்க கொல்லையைப் பாக்கலை. அதுக்கு அந்தப் பக்கம் ரயில்வே லைன் வளையுதில்ல, அதைப் பாத்தேன். அழகா வளையுது" என்றார்.

எங்கள் மகளுக்குத்தான் யோசனை வந்தது. "அப்பா, பாத்துக்கிட்டே இருக்கறதுக்குப் பதிலா வரையுங்களேன். நூலகத்துல செவ்வாய், வியாழன் வாட்டர் கலர் கிளாஸ் நடக்குது. எல்லாம் ரிட்டையர் ஆனவங்கதான். நான் பேர் குடுத்துட்டு வந்துட்டேன்" என்றாள். அவளுக்கு வீட்டில் 'டேங்கர்' என்று பட்டப்பெயர். காரணம் பின்னால் வரும்.

முதல் வகுப்பு பூங்காவில் நடந்தது. குளக்கரையில் எல்லோரையும் உட்கார வைத்து, எதிரே தெரிவதை வரையச் சொன்னாராம் ஓவிய டீச்சர். இவருக்குப் பக்கத்தில் ஓய்வு பெற்ற பல் டாக்டர். அவர் மலை வரைந்தால் அது கடைவாய்ப்பல் வரிசையாகத்தான் வரும், அது வேறு விஷயம். ஒரு மணி நேரம் கழித்து டீச்சர் வந்து இவருடைய தாளைப் பார்த்தார். நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு பச்சை. சுற்றிலும் சின்னச் சின்ன வட்டங்கள்.

"இது என்ன சார்?"

"குளம்."

"இந்த வட்டமெல்லாம்?"

"இது பல் டாக்டரோட வழுக்கை. இது கிளாஸ்ல மத்தவங்க. இந்தப் பெரிய நீல வட்டம் நீங்க."

"நானா?"

"குடை பிடிச்சிருக்கீங்கல்ல. மேலேருந்து பாத்தா குடைதானே தெரியும்."

தரையில் உட்கார்ந்து எதிரே பார்த்துக்கொண்டே, மனுஷன் மனசுக்குள் நாற்பது மீட்டர் ஏறிப்போய் வரைந்திருக்கிறார். டீச்சர் நல்லவர். சிரித்துவிட்டு, "சரி, உங்களுக்கு அப்படித்தான் தெரியுதுன்னா அப்படியே வரைங்க. ஆனா ஒண்ணு, தெரிஞ்சதை வரையாதீங்க, பாத்ததை வரைங்க" என்றாராம். அதை வீட்டுக்கு வந்து என்னிடம் மூன்று தடவை சொன்னார். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

அதற்கப்புறம் வீடு வீடாக இல்லை. சாப்பாட்டு மேஜையை வரைய ஸ்டூல் மேல் ஏறி நின்றார். நான் காய் நறுக்குவதை வரைந்தார். படத்தில் நான் ஒரு வகிடும் இரண்டு முழங்கையும்தான். "என் மூஞ்சி எங்கேங்க?" என்றால், "நீ குனிஞ்சிருந்தே" என்றார். பத்து வருடமாக நான் சாயம் பூசி மறைத்த நரை அந்த வகிட்டில் துல்லியமாக இருந்தது. அந்தப் படத்தை மட்டும் நான் ஒளித்து வைத்துவிட்டேன்.

இனி அந்தச் சிவப்புப் போர்வை விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் மீதியைச் சொல்ல முடியாது.

அப்போதெல்லாம் கைபேசி கிடையாது. கூண்டுக்குள் ஒரு வாக்கி டாக்கி இருக்கும், அதுவும் கீழே நிற்கிற சிக்னல்காரரோடு பேச மட்டும். ஆனால் எந்த இடத்தில் கிரேன் நின்றாலும் அவருக்கு எங்கள் மொட்டை மாடி தெரியும். எனக்கு விளையாட்டுப் போட்டிக் கொடிகள் பழக்கம். அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். மாடியில் துணி காயப்போடுகிற கொடியில் பச்சைத் துண்டு தொங்கினால் வரும்போது காய்கறி வாங்கி வர வேண்டும். மஞ்சள் துண்டு என்றால் விருந்தாளி வந்திருக்கிறார்கள், சட்டையில் கிரீஸ் இல்லாமல் வர வேண்டும். சிவப்புப் போர்வை என்றால் போட்டது போட்டபடி உடனே இறங்கி ஓடி வர வேண்டும்.

சிவப்பை ஒரு தடவை ஒத்திகை பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் தீயணைப்பு ஒத்திகை நடத்துகிறவள், வீட்டில் நடத்தாமல் இருப்பேனா? போர்வையைத் தொங்கவிட்டு ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினேன். பதினொரு நிமிடத்தில் வாசலில் நின்றார், மூச்சு வாங்க, ஒரு காலில் செருப்பு இல்லாமல். நாற்பது மீட்டர் ஏணி, ஆறு தெரு. "பரவால்ல, பத்துக்குள்ள வரணும்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் அன்றைக்கு இன்ஜினியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பற்றி எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

நிஜமாகவே போர்வை தொங்கியது அதற்கு அடுத்த வருடம். பிரசவத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போதே, காலை பத்தேகாலுக்கு எனக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. போர்வையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்க் கொடியில் போட்டேன். காத்திருந்தேன். பத்து நிமிடம், இருபது, நாற்பது. அவர் வரவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, தெருவுக்குத் தண்ணீர் ஊற்ற வந்த லாரியை மறித்து, டிரைவரைத் திட்டி, என்னைப் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்து ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய கால் மணி நேரத்தில் மகள் பிறந்தாள். டேங்கர்.

அவர் வந்தபோது குழந்தைக்கு ஒரு மணி நேர வயது. என் அம்மா, அக்கா எல்லோரும் சுற்றி நின்று, "போர்வையைப் பாக்கலையா?" என்று கேட்டார்கள். தலை முதல் கால் வரை சிமென்ட் தூசியோடு நின்ற மனுஷன் தன் சட்டையை ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, "ஒரே தூசி. எதுவுமே தெரியலை" என்றார்.

நான் நம்பினேன். என் சுபாவம் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். தாமதமாக வருகிற பிள்ளையை நான் மன்னிப்பேன். வயிற்றுவலி என்று பொய் சொல்லி மைதானத்துக்கு வராத பிள்ளையை மட்டும் விட மாட்டேன். என் அக்கா, "பாத்திருப்பார்டி, வேலைதான் பெருசுன்னு உக்காந்திருப்பார்" என்று சொன்னதற்காக அவளோடு ஒன்றரை வருடம் பேசாமல் இருந்தேன். என் புருஷன் பொய் சொல்ல மாட்டார் என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அந்தக் கதை வீட்டில் ஓடும். ஒவ்வொரு வருடமும் தூசி கொஞ்சம் கூடும். மகள் பள்ளிக்கூடம் போகும்போது அது புழுதிக்காற்று ஆகியிருந்தது. கல்லூரிக்குப் போனபோது, "கூண்டுக்குள்ள அவர் கையே அவருக்குத் தெரியலை" என்கிற அளவுக்கு வந்துவிட்டது. அவர் சொல்ல மாட்டார், நாங்கள்தான் அள்ளிவிடுவோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார். அடக்கம் என்று நினைத்தேன்.

இப்போது ஓவியக் கண்காட்சிக்கு வருகிறேன். வகுப்பு தொடங்கி ஒரு வருடம் முடிந்ததற்காக, நூலகத்தின் வாசிப்புக் கூடத்திலேயே படங்களை மாட்டுவது என்று முடிவு செய்தார்கள். ஆளுக்கொரு பெரிய படம். இவர் பின்னறையைப் பூட்டிக்கொண்டார். இரண்டு மாதம். நான் டீ கொண்டுபோனால் கதவைக் கையளவு திறந்து வாங்கிக்கொள்வார்.

"அப்படி என்ன ராணுவ ரகசியம்?"

"முடியட்டும்மா, காட்டறேன்."

எனக்கு மூக்கில் வேர்த்தது. உள்ளே விடாவிட்டாலும், பிரஷ் கழுவிய குவளையை அலம்ப நான்தானே வேண்டும். முதல் இரண்டு வாரமும் குவளையில் சாம்பல் நிறத் தண்ணீர்தான். தினமும் சாம்பல். மனுஷருக்கு மனசு சரியில்லையோ என்று மகளுக்குப் போன் செய்தேன். "அம்மா, அவர் கான்கிரீட்டைப் பாத்து வளர்ந்தவர், சாம்பல்தான் வரும், விடு" என்றாள். மூன்றாவது வாரம் ஸ்பாஞ்சு ஒன்று வேண்டும் என்று கேட்டார். பாத்திரம் தேய்க்கிறதில் புதிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் குவளையில் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் எல்லாம் வந்தது. கடைசி வாரத்தில் ஒரு நாள் அவருடைய வலது கை சுண்டுவிரல் நகத்தில் மட்டும் சிவப்பு ஒட்டியிருந்தது. சாப்பிடும்போது அதை மடக்கி மடக்கி ஒளித்தார்.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை காலை. நான் இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். மகள் கொஞ்ச நேரம் கழித்து வருவதாகச் சொல்லியிருந்தாள். கூடத்தில் முப்பது முப்பத்தைந்து படங்கள். பல் டாக்டரின் பனிமலை வாசலிலேயே வரவேற்றது. பார்த்ததும் எனக்கு ஈறு கூசியது. டீச்சர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க சாரோட படம்தான் இன்னைக்கு எல்லாரும் பேசறாங்க. போய்ப் பாருங்க" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன்.

கதவகலத்துக்கு ஒரு படம். வழக்கம்போல வானம் இல்லை. மேலேயிருந்து பார்த்த ஊர். கீழே, படத்தின் நடுவில், கட்டி முடிக்காத ஒரு பெரிய கூடம், கூரை இல்லாமல். அதற்கு மேல் கொக்கியில் தொங்குகிற நீளமான கான்கிரீட் உத்தரம். உள்ளே எட்டு மஞ்சள் புள்ளிகள், தலைக்கவசம் போட்ட ஆட்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அதே உத்தரம் என் தலைக்கு மேல் இருந்தது, வெள்ளையடித்து, மின்விசிறி மாட்டி. ஊரில் இந்த நூலகத்தைக் கடக்கும்போதெல்லாம் அவர் சொல்லுவார், "இந்த உத்தரமும் நம்ம பொண்ணும் ஒரே நாள்."

அப்படியென்றால் இது அந்த நாள்.

படத்தில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. கழுவி விட்டதுபோல வெயில். ஒவ்வொரு தெருவும், ஒவ்வொரு மாடியும், ரயில்வே லைனின் வளைவுவரை பளிச்சென்று தெரிந்தது. வலது பக்கம் ஆறு தெரு தள்ளி எங்கள் மொட்டை மாடி. அதில் சுண்டுவிரல் நகத்தளவு சிவப்பு.

பக்கத்தில் யாரோ, "என்ன தெளிவு பாருங்க!" என்று பாராட்டினார்கள். நான் திரும்பி அவரைத் தேடினேன். மூன்று படம் தள்ளி, புது சட்டை போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றிருந்தார். நான் படத்தில் எதைப் பார்த்தேன் என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. என்னருகே வந்தார்.

"தூசி எங்கேங்க?" என்றேன். மெதுவாகத்தான் கேட்டேன். ஆனால் விளையாட்டு டீச்சரின் மெதுவான குரல் மூன்றாவது வரிசைவரை போகும். பல் டாக்டர் இந்தப் பக்கம் திரும்பினார், உடனே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்லை" என்றார் அவர்.

"இல்லைன்னா?"

"அன்னைக்குத் தூசி இல்லை."

"அப்ப போர்வை தெரிஞ்சுது."

"தெரிஞ்சுது. நீ போட்ட உடனே பாத்தேன்."

இருபத்தாறு வருடம். ஒன்றரை வருடம் அக்காவோடு பேசாதது. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் அந்தக் கதையை நானே வாய் வலிக்கச் சொன்னது. கத்தலாம் என்றால் நூலகம்.

"ஒத்திகைன்னு நினைச்சீங்களா?" என்று கேட்டேன். அதைக் கேட்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. அப்படி நினைத்திருந்தால் பாதித் தப்பு என்னுடையது.

"சேச்சே. நீ இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுப் படியேறி வந்தே. ஒத்திகைக்கு அப்படி வர மாட்டே."

"பின்னே ஏன் வரலை?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். உத்தரத்தைக் காட்டினார், படத்தில் இருப்பதை அல்ல, தலைக்கு மேல் இருப்பதை. "ஒன்பது டன். கொக்கியில தொங்குது. கீழ எட்டு பேர். தூணுல போட்ட கம்பிக்கும் இதுல இருக்கற துளைக்கும் ஒரு விரல் அகலம் சேரலை. தூக்கு, இறக்கு, தூக்கு, இறக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. அதை விட்டுட்டு நான் எழுந்திருக்க முடியாதும்மா."

"வாக்கி டாக்கில ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? யாரையாவது வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்களே?"

"அந்த நேரத்துல அதுல உத்தரத்தைத் தவிர வேற பேச்சு வரக் கூடாது. என் குரல் நடுங்கினா கீழ இருக்கறவங்க கை நடுங்கும். மாத்தி உக்கார வேண்டியவர் அன்னைக்கு லீவு. நான் சொல்லலை."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி பத்து நிமிஷம்." யோசிக்காமல் சொன்னார். ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தவள் நான், கணக்கு அவரிடம் இருந்தது.

"இதை அன்னைக்கே ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்?"

"சொல்லத்தான் ஓடி வந்தேன். நீ துவண்டு படுத்திருந்தே. எல்லாரும் சுத்தி நின்னு பாக்கலையா பாக்கலையான்னு கேட்டாங்க. பாத்தேன், வரலைன்னு சொல்ல வாய் வரலை. சட்டையில தூசி இருந்துது. அப்படியே வந்துடுச்சு. அப்புறம் நீ உங்க அக்காவோட சண்டை போட்டுட்டு வந்து நின்னே. அதுக்கு மேல எப்படிச் சொல்ல?" கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "இந்தப் படத்துலகூட முதல்ல தூசியைத்தான் போட்டேன். ரெண்டு வாரம் போட்டேன். பாத்ததை வரைங்கன்னு டீச்சர் சொன்னது காதுலயே நின்னுது. ஸ்பாஞ்சால ஒத்தி எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

என் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு.

கோபம் அடங்கவில்லை. அவரைப் பார்க்கப் பிடிக்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், குற்றம் கண்டுபிடிக்கிற பார்வை. அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. எங்கள் வீட்டு வாசலிலிருந்து மயிரிழை அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு கிளம்பி, தெருத் தெருவாக வளைந்து போயிற்று.

"இது என்ன, பிரஷ் ஒழுகிடுச்சா?" என்றேன், வேண்டுமென்றே.

"அது லாரி."

"எது லாரி?"

"தண்ணி லாரிம்மா. பின்னால குழாய் சரியா மூடலை. ஒழுகிக்கிட்டே போச்சு. லாரி மரத்துக்கடியில, வீட்டுக்குப் பின்னாலன்னு மறைஞ்சு மறைஞ்சு போகுது. ஆனா காஞ்ச ரோட்டுல ஈரக் கோடு தெரியுதில்ல? அதைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன்."

குழாய் ஒழுகியது எனக்கும் தையல்காரம்மாவுக்கும் அந்த டிரைவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். நடுவழியில் டிரைவர் இறங்கிப் போய் அதை மூடப் பார்த்ததும், நான் வலியில் கதவைக் குத்தி அவனைக் கூப்பிட்டதும் எங்கள் மூவரோடு போன கதை. வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தோன்றியதில்லை.

அவர் படத்தைத் தொடாமல் விரலை அந்தக் கோட்டின் மேலே நகர்த்திக்கொண்டே போனார். "தையல்காரம்மா உன்னைத் தள்ளி ஏத்தினாங்க. ரெண்டாவது தடவைதான் ஏற முடிஞ்சுது உனக்கு. இங்கே அவன் சந்தைத் தெருவுல திரும்பினான். அங்க அன்னைக்குப் பள்ளம் தோண்டியிருந்தாங்க, எனக்குத் தெரியுது, அவனுக்குத் தெரியலை. இடது பக்கம் போ, இடது பக்கம் போன்னு கூண்டுக்குள்ள கத்தறேன். கை ரெண்டும் லீவர்ல. திரும்பி வந்தான். இங்க நிறுத்திட்டு இறங்கினான், மூணு நிமிஷம். அவனை நான் திட்டின திட்டு இன்னும் யாரையும் திட்டினதில்லை. அப்புறம் நேரா ஆஸ்பத்திரி. வாசல்வரைக்கும் வந்தேன். அதுக்கு மேல ஆஸ்பத்திரி மாடி மறைச்சுடுச்சு."

வந்தேன் என்றார். பார்த்தேன் என்று சொல்லவில்லை.

அன்றைக்கு அந்த லாரிக்குள் நான் நினைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இந்த உலகத்தில் எனக்கென்று ஒருத்தரும் இல்லை என்று நினைத்தேன். தூசி என்று அவர் சொன்னதை நம்பிய பிறகும் அந்த நினைப்பு எங்கோ ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. வருகிற வழியெல்லாம் ஒருத்தர் கூடவே வந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு இருபத்தாறு வருடம் கழித்து, நூலகத்தில், நல்ல புடவையில், பல் டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கும்போது தெரிகிறது. அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சி உள்ளே தள்ளினேன்.

"என்னை எங்கே காணோம்?" என்றேன். குரல் கடுமையாக வரவேண்டும் என்று பார்த்துக்கொண்டேன். "போர்வையைப் போட்டவ மாடியில நிக்கலையா?"

"இருக்கியே." சிவப்புக்குப் பக்கத்தில் கடுகைவிடச் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி. "இது உன் தலை. நாலு தடவை மேல வந்தே. மூணு தடவை தெருவையே எட்டிப் பாத்துட்டுப் போயிட்டே. நாலாவது தடவைதான் நிமிந்து கிரேனைப் பாத்தே."

"பாத்தேன். திட்டினேன்."

"தெரியும். வாய் தெரியலை, ஆனா கையை ஆட்டின வேகம் தெரிஞ்சுது."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"லீவரை ஒரு நொடி விட்டுட்டுக் கை காட்டினேன்" என்றார். "விடக் கூடாது. விட்டேன்."

நாற்பது மீட்டர் உயரத்தில், ஆறு தெரு தள்ளி, கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருத்தர் கை காட்டினால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியவில்லை. வெறும் மஞ்சள் கம்பிதான் தெரிந்தது. அதைத் திட்டிவிட்டு இறங்கிப் போனேன்.

நான் ஏதாவது சொல்வதற்குள் டீச்சர் வந்துவிட்டார். "சார், தப்பா நினைக்காதீங்க, டாக்டரோட மலைக்கு மேல இருக்கற விளக்கு தரையைப் பாத்துக்கிட்டு இருக்கு. ஏணி கொண்டுவந்து வெச்சிருக்கு, ஒருத்தரும் ஏற மாட்டேங்கறாங்க." அவர் என்னைப் பார்த்தார். போங்க என்று தலையை ஆட்டினேன். போனார். புது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அறுபது வயதுக்காரர் நடக்கிற நடையாக அதுவரை நடந்தவர், ஏணியில் கால் வைத்ததும் சரசரவென்று ஏறிப்போனார். உச்சிக்குப் போய், அந்த உத்தரத்துக்கு ஒரு முழம் கீழே நின்று, விளக்கைத் திருப்பினார். பல் டாக்டரின் மலை பளீரென்று வெளிச்சத்துக்கு வந்தது. நாலு பேர் கைதட்டினார்கள்.

அப்போதுதான் மகள் உள்ளே வந்தாள். நேராக அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்று, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அம்மா, இது நான் பிறந்த நாள்தானே? தூசியையே காணோம்?" என்றாள்.

"இல்லைடி. அன்னைக்குத் தூசி இல்லை" என்றேன். "கதையை மாத்தணும். உங்க பெரியம்மாவுக்கு வேற ஒரு போன் பண்ணணும். அப்புறம் சொல்றேன், இரு."

நான் ஏணிக்குக் கீழே போய் நின்றேன். எனக்கு நிமிர்ந்து பார்த்தாலும் தலை சுற்றும். சுற்றட்டும் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் மேலே நின்றபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், என்ன தீர்ப்பு வரப்போகிறதோ என்று. நான் கையைத் தூக்கி, கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, நன்றாக ஆட்டிக் காட்டினேன்.

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் மனுஷன் ஏணியைப் பிடித்திருந்த இரண்டு கையையும் விட்டுவிட்டார்.

"ஒரு கை போதும்!" என்று கத்தினேன், நூலகம் என்றும் பார்க்காமல். "ஒரு கையால பிடிச்சுக்கோங்க, விழுந்து தொலைக்கப் போறீங்க!"